காரணம் அறியப்படாத காய்ச்சலில் மருத்துவப் படிமவியல்

காரணம் அறியப்படாத காய்ச்சல் என்பது வாரக்கணக்கில் நீடித்தும், வழக்கமான சோதனைகள் பலவற்றைச் செய்து பார்த்தும், எதனால் உண்டானது என்று கூற இயலாத காய்ச்சலைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாகும். இத்தகைய காய்ச்சலின் மூலத்தை உடலுக்குள் தேடுவதற்கு ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்-ரே), மீயொலி வரைவு, சி. டி. வருடல் (ஸ்கேன்), எம். ஆர். ஐ. வருடல், அணு மருத்துவ வருடல்கள் ஆகியன பயன்படுகின்றன. இவற்றுள் பெட்-சி. டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டு வருடல் 2000களுக்குப் பின்னர் முதன்மை பெற்று வந்துள்ளது.

இப்படிமங்கள் பெரும்பாலும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. நோய் இருக்கும் இடத்தையே சுட்டுகின்றன. அவ்விடத்திலிருந்து திசுவையோ சீழையோ எடுத்து ஆய்ந்த பின்னரே நோய் இன்னதென்று உறுதிப்படும். இந்த வேறுபாடு கவனிக்கப்படாதபோதே பிழையான சிகிச்சைகள் பல தொடங்குகின்றன.

வரையறை

அமெரிக்க மருத்துவர்களான ராபர்ட் பீட்டர்ஸ்டார்ஃப், பால் பீசன் ஆகிய இருவரும் 100 நோயாளிகளைப் பற்றி 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பல முறை 38.3 பாகை செல்சியசுக்கு (101 பாகை பாரன்ஃகைட்) மேற்பட்ட காய்ச்சல், மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தல், மருத்துவமனையில் ஒரு வாரம் ஆய்ந்தும் காரணம் தெரியாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதியாகும். மூன்று வாரம் என்னும் எல்லைக்குப் பொருளுண்டு. தீநுண்மங்களால் வரும் காய்ச்சல்களுள் பெரும்பாலானவை அதற்குள் தாமாகவே தணிந்துவிடும்.

1991 இல் டுராக், ஸ்ட்ரீட் ஆகியோர் இவ்விதியைத் திருத்தினர். ஒரு வார மருத்துவமனை ஆய்வுக்குப் பதிலாக மூன்று நாள் மருத்துவமனை ஆய்வு அல்லது மூன்று புறநோயாளர் வருகை போதும் என்றனர். மேலும் மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது தோன்றும் காய்ச்சல், வெள்ளையணுக் குறைவுள்ளோரின் காய்ச்சல், எச். ஐ. வி. தொற்றுள்ளோரின் காய்ச்சல் ஆகியவற்றைத் தனி வகைகளாகப் பிரித்தனர். இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வகையான பொதுவகைக் காய்ச்சலைப் பற்றியதாகும்.

காரணங்கள்

இத்தகைய காய்ச்சலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட நோய்கள் காரணமாகலாம் எனப்படுகிறது. அவற்றைத் தொற்று நோய்கள், புற்று நோய்கள், தொற்றில்லா அழற்சி நோய்கள், ஏனையவை என நான்காகத் தொகுப்பது வழக்கம். 1961 ஆம் ஆண்டுக் கட்டுரையில் நூற்றில் 36 பேருக்குத் தொற்றும் 19 பேருக்குப் புற்றும் காரணமாயிருந்தன. பின்னர் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் தொற்றின் பங்கு குறைந்து, குருதிக்குழல் அழற்சி போன்றவற்றின் பங்கு கூடியது. எதுவெனக் கண்டறியப்படாமலே போகும் காய்ச்சல்களின் பங்கும் அங்கு பெருகியுள்ளது. எளிதில் பிடிபடும் நோய்கள் இப்போது மூன்று வாரம் ஆகுமுன்னரே பிடிபட்டுவிடுவதால், கடினமானவை மட்டுமே இப்பெயரின் கீழ் எஞ்சி நிற்பது இதற்கு ஒரு காரணம்.

இந்தியாவில் நிலை வேறு. இங்கு தொற்றே முதலிடம் வகிக்கிறது. அதிலும் நுரையீரலுக்கு வெளியே நிணநீர்க் கணுக்கள், முதுகெலும்பு, வயிற்றறை முதலிய இடங்களில் ஒளிந்திருக்கும் காசநோய் மிகுதி. ஆகவே ஒரே படிமம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பொருளையும் சென்னையில் இன்னொரு பொருளையும் தரக்கூடும். மார்பறையில் பெருத்த கணுக்களைக் கண்டவுடன் அங்குள்ள மருத்துவர் சார்கோய்டு நோயையோ நிணநீர்ப் புற்றையோ எண்ணுவார்; இங்குள்ளவர் காசநோயை எண்ணுவார். இருவருமே தவறக்கூடியவர்கள்.

வரலாறு

ரோண்ட்கன் 1895 இல் ஊடுகதிர்களைக் கண்டுபிடித்த பின்னர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு மார்புப் படமும் ஒரு சில எலும்பு, குடல் படங்களுமே மருத்துவர் கையில் இருந்தன. வயிற்றறைக்குள் நோய் இருப்பதாக ஐயம் எழுந்தால், வயிற்றைத் திறந்து பார்க்கும் அறுவையே இறுதி வழியாக இருந்தது. பீட்டர்ஸ்டார்ஃப் காலத்தில் காரணம் தெரியாக் காய்ச்சலுக்கு இவ்வறுவை வழமையான ஒன்று.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி. டி. கருவியால் 1971 இல் இலண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் உடல் முழுவதையும் எடுக்கும் கருவிகள் வந்தன. இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கோர்மக்கும் 1979 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மீயொலியும் சி. டி.யும் பரவிய பின்னர், காய்ச்சலுக்காக வயிற்றைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய மறைந்தது. படிமவியல் இத்துறைக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இதுவே எனலாம்.

அணு மருத்துவம் வேறொரு வழியில் வளர்ந்தது. காலியம்-67 என்னும் கதிரியக்கப் பொருள் நிணநீர்ப் புற்றில் சென்று சேர்வது 1969 இல் கண்டறியப்பட்டது. அது அழற்சியுள்ள இடங்களிலும் சேர்வது விரைவில் தெரிந்தது. 1970களின் நடுப்பகுதியில் நோயாளியின் குருதியிலிருந்தே வெள்ளையணுக்களைப் பிரித்து, இண்டியம்-111 ஐ ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை வந்தது. 1976 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எஃப். டி. ஜி. என்னும் கதிரியக்கச் சர்க்கரை முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. மூளையை ஆராய்வதே அப்போதைய நோக்கம். காய்ச்சலுக்கு அது உதவும் என்று எவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

முதல்நிலைச் சோதனைகள்

நோயாளியின் வரலாற்றைக் கேட்டலும் உடலைத் தலைமுதல் கால்வரை பார்த்தலும் எந்த வருடலுக்கும் முற்பட்டவை. ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். தமிழ்நாட்டில் காணப்படும் உண்ணிக் காய்ச்சலில் (ஸ்கரப் டைஃபசு) சிற்றுண்ணி கடித்த இடத்தில் தீக்காயம் போன்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றும். அது அக்குளிலோ அரையிலோ மார்பகத்தின் கீழோ வலியின்றி மறைந்திருக்கும். ஆடையை விலக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும் அதனை எவ்வளவு விலையுயர்ந்த வருடலும் காட்டாது. அதுபோலவே மருந்தால் வரும் காய்ச்சலுக்கும் படிமத்தில் அடையாளம் இல்லை. ஐயத்துக்குரிய மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும்.

குருதி வளர்ப்பு, சிறுநீர்ச் சோதனை முதலியவற்றோடு மார்பு ஊடுகதிர்ப் படமும் வயிற்று மீயொலி வரைவும் முதலிலேயே எடுக்கப்படுகின்றன. பரவல் காசநோயில் நுரையீரல் முழுவதும் தினையளவுப் புள்ளிகள் தூவியதுபோல் தோன்றும். ஆனால் நோய் பரவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் மார்புப் படம் முற்றிலும் இயல்பாக இருக்கக்கூடும். எனவே ஒரு மாதத்துக்கு முன் எடுத்த படம் நன்றாயிருந்தது என்பதை வைத்து அமைதி கொள்ளாமல், அதை மறுபடியும் எடுப்பது நல்லது.

மீயொலி கதிர்வீச்சற்றது, மலிவானது, கட்டிலருகே செய்யத் தக்கது. கல்லீரல் சீழ்க்கட்டி, மண்ணீரல் வீக்கம், சிறுநீரகத்தைச் சுற்றிய சீழ், வயிற்றறைக் கணுக்கள் ஆகியவற்றை அது காட்டும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒரே வேளையில் பல சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தால், குறிப்பாக நீரிழிவு உள்ளவரிடம், மெலியாய்டோசிசு என்னும் நோயை நினைக்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் இந்நோய் தென்னிந்தியா, இலங்கை, தாய்லாந்து, வட ஆத்திரேலியா ஆகிய இடங்களில் உண்டு. 1912 இல் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இரங்கூனில் இதனை முதன்முதலாக விவரித்தனர். காசநோயென்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்படும் நோய்களுள் இதுவும் ஒன்று.

இதயத்தில் முரல் ஒலி கேட்டாலோ, செயற்கை அடைப்பிதழ் பொருத்தியிருந்தாலோ இதய மீயொலி தவறாது செய்யப்பட வேண்டும். மார்பின் மேலிருந்து செய்யும் முறையில் தெரியாத சிறு படிவுகள் உணவுக்குழாய் வழியாகச் செய்யும் முறையில் தெரியும். முதியவர்களுக்குத் தலைவலியோடு காய்ச்சலும் இருந்தால், நெற்றிப் பொட்டுத் தமனியை மீயொலியால் பார்ப்பதுண்டு. அழற்சியால் தடித்த தமனிச் சுவர் கருவளையம்போல் தெரிவதை 1997 இல் செருமானிய மருத்துவர்கள் விவரித்தனர். இந்நோய் தாமதமானால் பார்வை பறிபோகும் என்பதால், இங்கே நாட்கணக்கும் பொருட்டாகும்.

சி. டி. மற்றும் எம். ஆர். ஐ.

மார்பு, வயிறு, இடுப்பறை ஆகியவற்றின் சி. டி. வருடல் அடுத்த படியாகும். அயோடின் கலந்த மருந்தைச் சிரைவழி செலுத்தி எடுக்கும்போது சீழ்க்கட்டியின் சுவர் வெளிறித் தெரியும். நடுப்பகுதி இருண்டு நிற்கும். காசநோய்க் கணுக்களும் பலவேளை இப்படியே விளிம்பில் மட்டும் ஒளிரும். ஆயினும் இது முடிவான சான்றன்று. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இம்மருந்தைச் செலுத்துமுன் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும்.

சி. டி.யின் குறை என்னவெனில் அது வடிவ மாற்றத்தையே காண்கிறது. கணு பெருத்தால், சுவர் தடித்தால், திசு அழுகினால் தெரியும். வடிவம் மாறுமுன் அழற்சி மட்டும் இருக்கும் நிலையில் அது ஒன்றும் காட்டாது. சிறிய குருதிக்குழல்களுக்குள்ளேயே வளரும் அரிய வகை நிணநீர்ப் புற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டியே உண்டாகாமல் காய்ச்சலும் நலிவும் மட்டும் இருக்க, சி. டி. படம் இயல்பாகவே இருந்துவிடக்கூடும்.

முதுகெலும்பு, மூளை, மூட்டுகள், மென்திசு ஆகியவற்றுக்கு எம். ஆர். ஐ. சிறந்தது. முதுகெலும்புக் காசநோயில் முள்ளெலும்பின் முன்பகுதி முதலில் அரிக்கப்படுகிறது. இடைத்தட்டு வெகுநாள் தப்பி நிற்கும். இடுப்புத் தசைக்குள் சீழ் இறங்கும். சாதாரண சீழ்த் தொற்றில் இடைத்தட்டே முதலில் அழியும். ஆடு மாடுகளிடமிருந்தும் காய்ச்சாத பாலிலிருந்தும் தொற்றும் புருசெல்லா நோய் கீழ் இடுப்பு முள்ளெலும்புகளையும் இடுப்பு மூட்டையும் விரும்பித் தாக்கும். முள்ளெலும்பின் வடிவம் பெரும்பாலும் சிதையாது. முதுகுவலியும் நீண்ட காய்ச்சலும் சேர்ந்து வரும்போது இவ்வேறுபாடுகள் உதவுகின்றன. கதிர்வீச்சு இல்லாததால் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மீயொலியும் எம். ஆர். ஐ.யுமே விரும்பப்படுகின்றன.

அணு மருத்துவ வருடல்கள்

காலியம்-67 வருடலில் மருந்து செலுத்தி இரண்டு மூன்று நாட்கள் கழித்தே படம் எடுக்க முடியும். குடலிலும் அது சேர்வதால் வயிற்றுப் பகுதி தெளிவாக இராது. வெள்ளையணு வருடல் புதிய சீழ்த் தொற்றைக் காட்டுவதில் கூர்மையானது. சீழ்ப்பிடித்த இடத்துக்கு வெள்ளையணுக்கள் தாமே விரைவதால், அது ஒற்றனை அனுப்பி வேவு பார்ப்பது போன்றது. எனினும் காசநோய், புற்று, குருதிக்குழல் அழற்சி ஆகியவற்றில் அது பயன் தருவது குறைவு. குருதியை வெளியே எடுத்துக் கையாளும் தேர்ந்த ஆய்வகமும் தேவை. பெட்-சி. டி. கிடைக்கும் இடங்களில் காலியம்-67 வருடல் வழக்கொழிந்து வருகிறது.

பெட்-சி. டி.

எஃப். டி. ஜி. என்பது குளுக்கோசைப் போன்ற ஒரு மூலக்கூறு. அதில் ஒரு ஐதராக்சில் தொகுதிக்குப் பதிலாகக் கதிரியக்கப் புளோரின்-18 அமைந்துள்ளது. உயிரணு அதனைக் குளுக்கோசு என்றே எண்ணி உள்வாங்கி, முதல் படியாகப் பாசுபேட்டு ஏற்றுகிறது. ஆனால் அதற்குமேல் எரிக்க இயலாததால் அது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. புளோரின்-18 வெளியிடும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு மோதி அழியும்போது, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பறக்கின்றன. உடலைச் சுற்றியுள்ள உணரிகள் அவ்விரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, எங்கிருந்து வந்தன என்று கணக்கிடுகின்றன.

புற்றணுக்கள் மிகுதியாகக் குளுக்கோசு உண்பவை என்பது பரவலாக அறியப்பட்டதே. தொற்றையும் அழற்சியையும் எதிர்த்துப் போரிடும் நடுவமை வெள்ளையணுக்களும் பெருவிழுங்கிகளும் அவ்வாறே மிகுதியாக உண்கின்றன. புற்று மருத்துவர்கள் இதைப் பிழையான ஒளிர்வு என்று சலித்துக்கொண்டனர். காய்ச்சலை ஆராய்ந்தவர்களோ அதையே கருவியாக்கிக்கொண்டனர். தொற்று, புற்று, அழற்சி ஆகிய மூன்று பெரும் பிரிவுகளையும் ஒரே படத்தில் காட்டுவதே இவ்வருடலின் சிறப்பு. உச்சி முதல் தொடை வரை அல்லது கால் வரை ஒரே அமர்வில் பார்க்க முடிகிறது. உடன் எடுக்கப்படும் சி. டி. படம், ஒளிரும் புள்ளி எந்த உறுப்பில் உள்ளது என்பதைச் சரியாகக் காட்டுகிறது.

நோயாளி குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். குருதிச் சர்க்கரை 200 மி.கி. அளவுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. மருந்து செலுத்திய பின்னர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமலும் அசையாமலும் ஓய்வெடுத்தால்தான் தசைகளில் அது சேராது. இதயத்தில் தொற்று இருப்பதாக ஐயமிருந்தால், முதல் நாளிலிருந்தே மாவுப்பொருள் நீக்கிக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, அதன்பின் நீண்ட நேரம் பட்டினி இருக்கச் செய்கின்றனர். இல்லாவிடில் இதயத் தசையே ஒளிர்ந்து நோயை மறைத்துவிடும். நம்மூரில் சோறும் இட்டிலியும் தவிர்த்து ஒரு நாளைக் கழிப்பது எளிதன்று என்பதால், இவ்வறிவுரை நோயாளிக்கு விளக்கமாகச் சொல்லப்பட வேண்டும். நீரிழிவுக்கு உண்ணும் மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்யும். மூளையும் சிறுநீர்ப்பையும் இயல்பாகவே ஒளிர்வதால் அவ்விடங்களில் நோயைக் காண்பது அரிது.

பெருந்தமனி அழற்சியைக் காட்டுவதில் பெட்-சி. டி. தனிச்சிறப்புடையது. சப்பானியக் கண் மருத்துவர் மிகித்தோ தக்காயாசு 1908 இல் விவரித்த நோய் இளம்பெண்களின் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்குகிறது. தமனி சுருங்கி நாடி தளர்ந்த பின்னர் எவரும் கண்டுபிடிக்கலாம். அதற்கு முன் வெறும் காய்ச்சலும் எடைக்குறைவும் இருக்கும் நாட்களில், தமனிச் சுவர் முழுவதும் குழாய்போல் ஒளிர்வதை இவ்வருடல் காட்டுகிறது.

செயற்கை இதய அடைப்பிதழ்த் தொற்றிலும் இது ஏற்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2015 ஆம் ஆண்டு நெறிமுறையில் இதனைச் சேர்த்தது. 2023 ஆம் ஆண்டுத் திருத்திய டியூக் விதிகளிலும் இது இடம்பெற்றது. ஆனால் இயற்கை அடைப்பிதழில் உள்ள சிறு படிவுகளை இது பலவேளை தவறவிடுகிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்கு இவ்வருடல் நோயறிய உதவியுள்ளது. யாருக்கு உதவாது என்பதும் ஓரளவு தெரியும். செவ்வணுப் படிவு வீதமும் சி-வினைப் புரதமும் இயல்பாக உள்ளவர்களிடம் பயன் மிகக் குறைவு. ஒன்றும் ஒளிராத படமும் வீணன்று. அத்தகையோருக்குக் காய்ச்சல் தானே தணியும் வாய்ப்பு, ஒளிர்வு கண்டவர்களைவிடக் கூடுதல் என அறியப்பட்டுள்ளது. கடுமையான சிகிச்சைகளைத் தள்ளிவைத்துக் காத்திருக்க அது துணிவு தருகிறது.

ஒளிர்வும் நோயும்

ஒளிர்வு ஒன்றே நோயாகாது. காசநோய், நிணநீர்ப் புற்று, சார்கோய்டு ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே ஒளிரும். ஒளிர்வின் அளவை வைத்து இவற்றைப் பிரிக்க இயலாது. ஆசிய நாட்டு இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் கிக்குச்சி நோய் 1972 இல் சப்பானில் விவரிக்கப்பட்டது. கழுத்துக் கணுக்கள் வீங்கி, காய்ச்சல் நீடித்து, பெட் படத்தில் புற்றைப் போலவே சுடர்விடும். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே ஆறிவிடும். கணுவை எடுத்து ஆய்ந்து பார்த்தால் மட்டுமே இது தெரியும். பார்க்காவிட்டால் புற்று என்ற அச்சமோ, ஆறு மாதக் காசநோய் மருந்தோதான் அப்பெண்ணுக்குக் கிடைக்கும்.

எந்தக் கணுவை எடுப்பது என்பதையும் படமே சொல்கிறது. மிகுதியாக ஒளிர்வதும் எளிதில் எட்டக்கூடியதுமான இடம் தெரிவு செய்யப்படுகிறது. அரையில் உள்ள கணுக்கள் சாதாரணப் புண்களாலும் பெருப்பவை ஆதலால், கழுத்திலோ காறையெலும்பின் மேலோ ஒன்றிருந்தால் அதற்கே முதலிடம். எடுத்த திசுவின் ஒரு பகுதியைப் பார்மலினில் இடாமல், காசநோய் வளர்ப்புக்கும் மரபணுச் சோதனைக்கும் உப்புநீரில் அனுப்ப வேண்டும். முழுவதையும் பார்மலினில் இட்டுவிட்டால் கிருமியை வளர்க்க வழியில்லை. மருந்தெதிர்ப்பை அறியும் வாய்ப்பு அத்தோடு போய்விடும்.

சோதனைச் சிகிச்சையும் காலமும்

காரணம் தெரியாத நிலையில் ஸ்டீராய்டு கொடுப்பதும் காசநோய் மருந்தைச் சோதனையாகத் தொடங்குவதும் இந்தியாவில் பரவலாக உள்ளது. வருடலுக்கு முன் இவை தொடங்கப்பட்டால் தடயம் கலைந்துவிடும். தமனி அழற்சியின் ஒளிர்வு ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே மங்கத் தொடங்குகிறது. நிணநீர்ப் புற்றும் ஸ்டீராய்டால் தற்காலிகமாகச் சுருங்கும். அந்நிலையில் எடுக்கும் திசுவில்கூடப் புற்றணுக்கள் தெரியாமற் போகலாம். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் வேறு பல பாக்டீரியாக்களையும், புருசெல்லா உட்பட, தாக்கவல்லது. ஆகவே அம்மருந்தால் காய்ச்சல் இறங்கியதைக் கொண்டு காசநோய் என்று முடிவுகட்ட முடியாது.

இதற்கு விலக்கும் உண்டு. பார்வை இழக்கும் நிலையிலுள்ள தமனி அழற்சி நோயாளிக்கோ, மூளையுறைக் காசநோய் ஐயமுள்ளவருக்கோ, உயிருக்குப் போராடுபவருக்கோ வருடலுக்காகக் காத்திருத்தல் கூடாது. மருந்தைத் தொடங்கிவிட்டு இயன்ற விரைவில் படமெடுப்பதே முறை.

கதிர்வீச்சு

மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குப் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் ஆகும். மார்பு ஊடுகதிர்ப் படம் அதில் மிகச் சிறு பங்கையே தருகிறது. வயிற்றுச் சி. டி. ஒன்று ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை தரும். பெட்-சி. டி.யில் உடன் எடுக்கும் சி. டி.யின் தரத்தைப் பொறுத்து இது இரு மடங்காகவும் கூடலாம். மூன்று வாரமாகக் காய்ச்சலுள்ள அறுபது வயதினருக்கு இது பெரிய இடரன்று. குழந்தைகளுக்கும், ஒரே சி. டி.யைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வோருக்கும் எண்ணிப் பார்க்க வேண்டிய அளவே. 194 செ.மீ. நீள உணரி வளையம் கொண்ட முழுவுடல் பெட் கருவியால் 2018 இல் முதல் மனிதப் படங்கள் எடுக்கப்பட்டன. அத்தகைய கருவியில் மிகக் குறைந்த மருந்தளவே போதுமானது.

கிடைப்பும் செலவும்

புளோரின்-18 இன் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடங்கள். சைக்ளோட்ரான் பொறியில் உருவாக்கிய மருந்து, வண்டியிலோ வானூர்தியிலோ செல்லும்போதே பாதிக்குப் பாதி குறைந்துகொண்டே போகும். இந்தியாவில் 2002 இல் மும்பையில் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது. அதன்பின் பெருநகரங்களில் இவ்வசதி பெருகியது. எனினும் சிறுநகர நோயாளிக்கு இது இன்னும் ஒரு பயணமும் பெருஞ்செலவுமாகும்.

செல்வ நாடுகளிலும் பணம் தடையாக இருந்ததுண்டு. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, தொற்றுக்கும் அழற்சிக்கும் எடுக்கும் பெட் வருடலுக்குப் பணம் தராதென்று நாடு தழுவிய விதி வைத்திருந்தது. 2021 சனவரி 1 முதல் அவ்விதி நீக்கப்பட்டு, முடிவு வட்டார அமைப்புகளிடம் விடப்பட்டது. வாரக்கணக்கான மருத்துவமனைத் தங்கல், மீண்டும் மீண்டும் செய்யும் குருதிச் சோதனைகள், பலமுறை எடுக்கும் சி. டி. ஆகியவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஒரே பெட்-சி. டி.யை முன்கூட்டியே எடுப்பது சிலருக்கு மலிவாகவும் முடியும். வசதியற்ற இடத்தில் கவனமாகச் செய்த மீயொலியும், நல்ல மார்புப் படமும், தொட்டறிந்த கழுத்துக் கணுவிலிருந்து எடுத்த திசு ஆய்வும் பெரும்பாலான காசநோயாளிகளைக் கண்டுபிடித்துவிடும். அவற்றைச் செய்து முடித்தும் விடை கிடைக்காதவர்களையே பெட்-சி. டி. உள்ள பெருநகர மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும்.